கட்டைவிரல்

புவன விஸ்தாவில் ஆறாவது மாடி.
இரவு ஒன்பதரைக்கு
வரிக்குதிரை மீனின் கருக்களை
லென்ஸுக்கடியில் தள்ளுகிறேன்.
ஒரு நாள் வயது. கண்ணாடி உடம்பு.
ஒளித்துவைக்க இன்னும் கற்கவில்லை.

நடுவில் ஒரு குழாய்
துடிப்பதா வேண்டாமா என்று தயங்கி
துடிக்கிறது,
குடிவராத வீட்டில்
யாரோ போட்டுவிட்டுப் போன மின்விசிறி மாதிரி.

நாளைக்கு அது வளைய வேண்டும்.
வளைந்தால்தான் அறைகள்.
டிபிஎக்ஸ் ஃபைவ் என்றொரு மரபணு,
பஸ் நம்பர் போலப் பெயர்,
அது சொல்லாமல் வளையாது.
அதைக் கெடுத்துவைத்த தட்டில்
குழாய் இழுத்துக் கட்டிய நூலாக நீள்கிறது.
பக்கத் துடுப்புகளும் முளைப்பதில்லை.

நெஞ்சுக்கும் கைக்கும் ஒரே எழுத்தாணி.
இதை நான் ஆய்வுக்கூடத்தில் படிக்கவில்லை.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி இயந்திரம்
குணாளனிடம் வலக் கட்டைவிரல் கேட்கும்.
இருந்தால்தானே.
அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள்,
வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும்.
சட்டைக்குள்ளே
ஏழு வயதில் ஓட்டையை அடைத்த தழும்பு.
முதல் சந்திப்பிலேயே, தே தாரிக் ஆறுவதற்குள்,
இரண்டு பொத்தானை அவிழ்த்துக் காட்டியவன்:
'பிள்ளைக்கும் வரலாம். பாதிக்குப் பாதி.
யோசிச்சுச் சொல்லு.'
யோசிக்காமல் சொன்னேன்.
நெஞ்சில் கை வைத்துச் சொல்வதென்றால்
இப்போதுதான் யோசிக்கிறேன்.

இருபதாவது வாரம். கேகே மருத்துவமனை.
வயிற்றில் குளிர்ந்த களிம்பு.
ஸ்கேன் எடுத்த நூருல் ஐனி
பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.
தெரியும் அந்த மௌனம்;
தட்டைப் பார்க்கையில் நானும் அப்படித்தான்.
நான்கு அறைகள். அவளுக்கு முன்பே எண்ணிவிட்டேன்.
மேல்சுவரில் ஒரு திறப்பு.
அது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு,
பிறந்தபின்தான் மூடும்.
மூடுமா என்று
இன்றைக்கு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

கையைக் காட்டு என்றேன்.
பொத்தி வைத்திருந்தது.
ஐனி கருவியால் லேசாகத் தட்டினாள்,
தூங்குகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல.
இன்னொரு தடவை.
திறக்கவில்லை.
எந்தப் பக்கத்துப் பிடிவாதமோ.

'செவ்வாய்க்கிழமை மறுபடி வாங்க.'

கீழே குணாளன் மைலோ வாங்கினான்,
ஐஸ் போட்டு, இரண்டு பொட்டலம்.
கயிறுகளை ஆள்காட்டி விரலில் கோத்துக்கொண்டு
மறுகையால் எனக்குக் குடை பிடித்து
சாலையைக் கடந்தான்.
மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது.
ஒரு சொட்டு மைலோ சிந்தவில்லை.