மூன்றாவது கோட்

தடைக்காலம் தொடங்கிய பத்தாம் நாள்
பாம்பனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார் ஸ்டெல்லஸ்.
விசைப்படகில் வலை இழுப்பவர்,
அறுபத்தொரு நாளும் பெயின்டர்.
வீட்டுக்குள் வந்து கண்ணைச் சுருக்கி
"மீன் அறைக்குள்ள இறங்குன மாதிரி இருக்குக்கா" என்றார்.

அப்படித்தான் இருந்தது கீழக்கரையில் என் வீடு.
அலமாரி, சன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி,
எல்லாம் கருப்பட்டிப் பாகின் நிறம்.
அபாயா தைக்கிறவள் நான்.
கறுப்புத் துணியில் கறுப்பு நூல்,
பகல் பதினொரு மணிக்கும் ட்யூப்லைட்டின் கீழே.

வெள்ளை அடிக்கப்போகிறேன் என்றதும்
புருணையிலிருந்து மச்சான் வீடியோவில் முகம் சுளித்தார்:
"தேக்குக்கா? பைத்தியமா உனக்கு?"
வாப்பா இரண்டு தெரு தாண்டி வந்து
நாற்காலி போட்டும் உட்காராமல் சொன்னார்:
"பர்மாத் தேக்கு. வெள்ளை அடிச்சா பாவம்."
என் நிக்காஹ் பேச்சில் மூன்று தரம் சொன்ன அதே சொல்.
மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கு அலமாரியைத்
தட்டிப் பார்த்தார்கள்.

முதலில் உப்பைக் கழுவணும் என்றார் ஸ்டெல்லஸ்.
கிணற்றுத் தண்ணீரும் உப்பு.
லாரித் தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்,
ஆறு குடம்.
மரத்தின் முகம் கழுவவே தொண்ணூறு.
உப்பு போனபிறகு உப்புத்தாள்.

லுஹருக்குச் சற்று முன் தேய்க்கும் சத்தம் நின்றது.
"அக்கா, இங்க வாங்க."
அலமாரிக் கதவின் உள்பக்கம்
சாயம் போன ஒரு சாண் அகலத்தில்
மரம் வெளுத்துக் கிடந்தது,
உரித்த பனங்கிழங்கு மாதிரி.
"தேக்கு இல்லக்கா. சரக்குப் பெட்டிப் பலகை."
இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.
ஒரு அம்புக்குறி வந்தது.
மேல்பக்கம் இது என்று காட்ட
ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ அச்சடித்த அம்பு.
ஆசாரி பலகையைத் தலைகீழாக அடித்திருக்கிறார்.
பதினெட்டு வருடம்
தரையைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் சிரித்தேனா, நினைவில்லை.
ஸ்டெல்லஸ் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு
"ப்ரைமர் அடிச்சிரவா?" என்றார்.
"அடிங்க. சீக்கிரம்."

கச்சான் காற்று அந்த வாரம் முன்கூட்டியே வந்துவிட்டது.
எல்லாம் சாத்தியும் மணல் உள்ளே வந்தது.
முதல் கோட் காய்ந்ததும் தடவிப் பார்த்தால் சுறாத்தோல்.
மறுபடி தேய்ப்பு.
இரண்டாவது கோட்டில் பழுப்பு கசிந்தது,
டீ சிந்திய பள்ளிக்கூட நோட்டுப்போல.
"குடிச்ச சாயத்தைக் கக்குது" என்று
ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசி
கண் கண்ணாக அடைத்தார்.
வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை.

அஸர் தொழுதுவிட்டு வாப்பா வந்தார்.
அலமாரி முன் நின்று
கட்டைவிரலை வைத்தார்.
காயவில்லை. ரேகை பதிந்தது.
"தேச்சீங்களா?"
"தேச்சோம் வாப்பா."
"உள்பக்கமுமா?"
"உள்பக்கமும்."
தெருவில் மீன்காரர் பைக்கில் ஹார்ன் அடித்துப் போனார்.
அது தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்து
"அந்த வருஷம்..." என்று தொடங்கினார்.
அத்தோடு நிறுத்திக்கொண்டார்.
எந்த வருஷம் என்று எனக்குத் தெரியும்.
பதினாலு மாதத்தில் மூன்று கல்யாணம்,
மகளுக்கு ஒன்றாக மூன்று வீடு.
ஸ்டெல்லஸ் ஏற்கெனவே கழுவிய பிரஷ்ஷைத்
தின்னரில் முக்கி மறுபடி கழுவினார்.

"இன்னொரு கோட் அடிக்கச் சொல்லு"
என்றார் வாப்பா.
"காசு நான் தர்றேன்."

இப்போது உள்ளே
கணவாய் ஓட்டின் வெண்மை.
ராத்திரி மச்சான் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார்.
"வெளிச்சமாத்தான் இருக்கு. ஆனா
பாவம், அவ்வளவு நல்ல தேக்கு."
"ஆமா" என்றேன்.

விளக்கில்லாமல் ஊசி கோக்கிறேன்.
அம்பு மட்டும்
கதவைத் திறந்தால், வெயில் சாயும் நேரத்தில்,
மூன்று கோட்டையும் மீறி மங்கலாகத் தெரிகிறது.
அங்கே ஒரு ஆணி அடித்து
அளவு நாடாவைத் தொங்கவிட்டிருக்கிறேன்.