பிரிக்கிற பெட்டி

தோஹாவிலிருந்து போர்வைக்குள் சுற்றி வந்தது,
அகலம் நாற்பத்துமூன்று அங்குலம்.
மச்சான் ஆணி அடித்தார், சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.
பிறகுதான் நிந்தவூர்ச் சந்திக்குப் போய்
இரும்புத் தாங்கி வாங்கி வந்தார்.

டிஷ் ராத்தாவின் கூரையில்.
படம் பிடிக்கிற பெட்டியும் ராத்தாவின் பக்கம்.
உம்மா வீட்டை இரண்டாக எழுதியபோது
வானத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
கிணற்றைப் பற்றிக் கேட்டோம்.
அன்றிலிருந்து இரண்டு வருடம்
பேச்சுப் பறைச்சல் இல்லை.

டிஷ் பூட்டுகிற முனாஸ்
காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு
முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தார்.
அங்கே கேட்டதை இங்கே சொன்னார்.
இங்கே சொன்னதில் பாதியை அங்கே சொன்னார்.

"தனிப் பெட்டி எண்டா மாசாமாசம் தனிக் காசு.
இந்தச் சின்னச் சாமானப் போட்டா
ஒரு வயர் உள்ள போகும், ரெண்டு வெளிய வரும்.
ஆனா இப்பவே சொல்லிப்போட்டன்,
அங்க ஓடுறதுதான் இங்கயும் ஓடும்."

ரிமோட்?
ரிமோட் ஒன்றுதானாம், அங்கே.

நடுச்சுவரில் துளை போட்டார்.
செங்கல் தூள் இரண்டு பக்கமும் கொட்டியது.
அந்தப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது.
ராத்தா பெருக்கினால் மூன்று இழுப்பு, ஒரு தட்டு.
எண்ணிப் பார்த்தேன், மாறவில்லை.

முன்பக்கம் பிளக்குக்கு இடமில்லை என்று
சின்னச் சாமானை என் பக்கத்தில் வைத்து
என் கரண்டில் கொளுவிவிட்டார்.

படம் வந்தது. கொஞ்சம் மங்கல்.
"ராத்தாட ரீவி பழசு. ரெண்டில எது குறையப் பிடிக்குமோ
அந்த அளவத்தான் பெட்டி ரெண்டுக்கும் குடுக்கும்."
மச்சான் திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.
ஒன்றரை வருட ஓவர்டைமில் வாங்கிய புள்ளிகள்
பாதிக்குப் பாதி வேலையில்லாமல் நிற்கின்றன என்றார்.
அடுத்த கிழமை விமானம் ஏறினார்.

நான் கேட்காத நாடகங்களைப் பார்த்தேன்.
மருமகள் அழுகிற உச்சத்தில்
சட்டென்று சுறாமீன் வரும். ராத்தாவின் மகன்.
இரண்டு நிமிடத்தில் மருமகள் திரும்பி வருவாள்.
அடி விழுந்திருக்கும்.
சமையல் நிகழ்ச்சி என்றால் கடைசிவரை ஓடும்.
மறுநாள் பகல் அந்த மசாலா
சுவரைத் தாண்டி வந்து என் சோற்றில் இருக்கும்.

திரையின் அடியில் பச்சைக் கோடு
வளர்ந்து சுருங்கும், அவ சத்தத்தைக் கூட்டக் குறைக்க.
பதினெட்டு. பன்னிரண்டு. ஏழு.
பாங்கு சொன்னால் சைபர்.

ஒரு இரவு, இரண்டு மணி இருக்கும்,
நிற்பாட்ட மறந்த ரீவி தானாக ஓடிக்கொண்டிருந்தது.
செய்தி. பழைய கிரிக்கெட். தெரியாத மொழியில் மழை.
மூன்று வினாடிக்கு மேல் எதிலும் நிற்கவில்லை.
முந்நூறு சேனலையும் சுற்றி முடித்து
திரும்பவும் ஒன்றிலிருந்து.

நித்திரை வராத அந்த விரலை எனக்குத் தெரியும்.
உம்மா மௌத்தான கிழமை
பாயின் ஓரத்தை இழை இழையாகப் பிய்த்த விரல்.

மறு இரவும் அப்படி. அதற்கடுத்த இரவும்.
நாலாம் இரவு எழும்பிப் போய்
சின்னச் சாமானின் பிளக்கைப் பிடுங்கினேன்.

சிக்னல் இல்லை என்று நீலமாக எழுதி வந்தது.
அந்தப் பக்கம் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுகிற சத்தம்.
பிறகு ஒரு இருமல்.
பிறகு வயர் போன துளைக்குப் பக்கத்தில், மெல்ல,

"ஜெஸீலா, உன்ட பக்கமும் போச்சா?"

"ஓம் ராத்தா. மழையாக்கும்."

"மழையா? எங்க மழை?"

முன்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.
கூரையைப் பார்க்க முற்றத்தில் இறங்கிவிட்டா.
நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிற வானம்.
நானும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன்,
இன்னும் சூடு ஆறாத பிளக்கை
எங்கே ஒளிப்பது என்று தெரியாமல்.