நாற்பத்திரண்டு எழுத்துக்குள்

அஸ்தம்பட்டி மாடியறையில்
இரவு பதினொன்றுக்கு மேல்தான் என் பிழைப்பு.
வெள்ளைக்காரன் பேசப் பேச
திரைக்கு அடியில் தமிழில் எழுதுகிறேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
நிமிடத்துக்கு முப்பத்தைந்து ரூபாய்.

முதல் மாதம் ஒருவன் வாய் பிளந்து
'ஹோலி கவ்' என்றான்.
'புனிதப் பசு' என்று போட்டுவிட்டேன்.
படத்தில் மாடே இல்லையே அம்மணி என்று
மும்பையிலிருந்து போன்.
அன்றைக்கு நல்ல அர்ச்சனை,
பூவும் தேங்காயும் இல்லாத அர்ச்சனை.
இப்போது கை தானாகவே தட்டுகிறது:
அடேங்கப்பா.

போகப் போகப் பிடிபட்டது.
ஆதாமின் பானம் என்றால் பச்சைத் தண்ணீர்
(எங்கள் தெருவில் நாலு நாளைக்கொரு முறை வரும்).
போப்பின் மூக்கு, வறுத்த கோழியின் பின்பக்கம்;
இதை மட்டும் பெர்பெத்துவாவிடம் சொல்லவில்லை.
குடோனில் காட் கிடையாது,
செவ்வாய்ப்பேட்டை மூட்டைகள்தான் உண்டு;
நம் கிடங்கு கப்பலேறிப் போய்
தொப்பி வைத்துத் திரும்பி வந்த சொல் அது.
ஹெயில் மேரி, ஜெபமில்லை.
தோற்கப்போகும் ஆட்டத்தின் கடைசி நொடியில்
கண்ணை மூடிக்கொண்டு வீசுகிற பந்து.
'அதுவும் ஜெபந்தான?' என்றாள் பெர்பெத்துவா,
சீருடைக்கு இஸ்திரி போட்டபடி.

அவள் ஏற்காட்டுக்காரி.
பெரியாஸ்பத்திரியில் எலும்பு வார்டு.
ஐப்பசி மழையில்
பதினாலாவது கொண்டை ஊசியில்
அண்ணன் மெல்க்கியோரின் ஜீப் மேல்
பாறை உருண்டது.
ஆளுக்கு ஒன்றுமில்லை, தோள் மட்டும் இறங்கியது.
ஜீப், தட்டுவடை.

ஏற்றியிருந்தது எஸ்டேட்டின் மிளகு.
நஷ்டஈடு கேட்டதற்கு
எஸ்டேட்டிலிருந்து ஆங்கிலத்தில் பதில்,
கனத்த தாள், நீல முத்திரை.
பிரித்து என் விசைப்பலகை மேல் வைத்தாள்.
டெட்டால் வாசனை.
'நீதான் இதெல்லாம் படிப்பியே.'

ஆக்ட் ஆஃப் காட்.
அகராதி வேண்டியிருக்கவில்லை.
வெள்ளம், இடி, மண்சரிவு;
யார் மேலும் வழக்குப் போட முடியாதவை.
'யாரும் பொறுப்பில்லைன்னு அர்த்தம்' என்றேன்.
'எழுத்துக்கு எழுத்து சொல்லு.'
'கடவுள் செஞ்சது.'

கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசியது.

'பாறைக்கு மேல சில்வர் ஓக் நின்னுச்சு,
முப்பது மரம்.
போன சித்திரையில வெட்டினாங்க.'
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
'லோடு அடிச்சது எங்கண்ணன்தான்,
அதே ஜீப்புல. அதையும் எழுதிக்க.'

பிறகு, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்,
'ஜீப்பு கோவிந்தா' என்றாள்.
'நல்லா நாமம் போட்டுட்டாங்க' என்றாள்.
எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.
இருவருக்கும் சிரிப்பு வந்தது,
அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்து
இருமலில் போய் நின்றது.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:
ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது.
கடவுள் செய்ததாகக் குறிப்பிட்டுள்ளீர்கள்.
அவருடைய கையொப்பம் விடுபட்டுள்ளது.
வாங்கி அனுப்பவும்.

காசு வாங்காமல் நான் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.
எழுத்தையும் எண்ணவில்லை.

ஒன்றரை மணிக்குப் படத்துக்குத் திரும்பினேன்.
கிணற்றோரம் பிணம்.
யார் செய்தது என்கிறான் துப்பறிபவன்.
கிழவன் தோளைக் குலுக்கி 'காட் நோஸ்' என்கிறான்.
'ஆண்டவனுக்கே வெளிச்சம்' என்று அடித்தேன்.
அவன் பேசுவது முக்கால் விநாடி,
பெட்டி சிவந்தது.
'யாருக்குத் தெரியும்.'
அதற்கும் சிவப்பு.
'தெரியல.'
பச்சை.

பாயில் புரண்டு திரையைப் பார்த்தவள்
கேட்டாள்,
'அவன் அப்படியா சொன்னான்?'