இரண்டாம் வீட்டின் ஒலித்தடம்

குண்டு முதலில் கடந்துபோகும்,
துப்பாக்கி பிறகுதான் பேசும்.
காதோரம் காற்று கிழியும் சொடுக்குக்கும்
பின்னால் வரும் தடித்த 'தும்'முக்கும் நடுவே
ஒரு நொடி இருந்தால்
சுட்டவன் ஏறக்குறைய அறுநூறு மீட்டரில்.
கயானிப் படைமுகாமில் எனக்குச் சம்பளம்
அந்த இடைவெளி பிசகாமல் இருப்பதற்கு.

நவம்பரில் ஒலி சேகரிக்கக் கூடாது,
பனி பாதியைத் தின்றுவிடும்.
ஆகஸ்டில் போனோம், கொசுக்களுக்கு இரையாகி.
பிர்ச் மரங்களில் ஏழு ஒலிவாங்கிகள்.
சார்ஜென்ட் வெஸ்டெரினென் சுட்டுக்கொண்டேயிருந்தார்,
நான் பள்ளத்தில் மூச்சடக்கிக் கிடந்தேன்.
ஒரு பதிவில் மட்டும் கொசு ஒன்று
குண்டைவிடத் தெளிவாக விழுந்திருந்தது.
அழிக்க மனம் வரவில்லை.
அழித்தேன்.

திரையில் புல் பச்சைப் பெயிண்ட் போலிருக்கும்,
ஒருவரும் குறை சொன்னதில்லை.
சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி
இம்மி தப்பினால் போதும்,
பத்தொன்பது வயதுப் பையன்கள் சிரித்துவிடுவார்கள்.
அவரவர் மூச்சை அவரவர் காதுக்கே
கால் நொடி தாமதித்து அனுப்பினால்
சிரித்த கைகள் வியர்க்கும்.
இதையும் நான்தான் கண்டுபிடித்தேன்.

ஊர் தயாரானது:
பதினோரு வீடுகள், ஒரு பேருந்து நிறுத்தம்,
ஆள் யாரும் இல்லை.
ஆளில்லாததற்கும் ஓர் ஒலி வேண்டியிருக்கிறது.
சுத்த மௌனம் வைத்தால்
ஹெட்போன் கெட்டுவிட்டதென்று கை தூக்குகிறார்கள்.
அதனால் ஒரு ராத்திரி
சமையலறையில் ஒலிவாங்கியை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.
ஃப்ரிட்ஜின் முனகல்,
அது நிற்கையில் ஒரு சிறு உதறல்,
மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுத்தது.
அப்படியே இரண்டாம் வீட்டுக்குள் வைத்தேன்.

வினை அங்கேதான்.
எல்லாக் கதவையும் உதைத்துத் திறந்தவர்கள்
அந்த ஒரு வாசலில் தயங்கினார்கள்.
மேஜர் ஹுட்டுனென் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்.
"ஒன்று புள்ளி நான்கு நொடி.
இந்த வீட்டில் மட்டும். உள்ளே என்ன வைத்தாய்?"
ஃப்ரிட்ஜ், என்றேன்.
"யாருடைய ஃப்ரிட்ஜ்?"
என்னுடையது.
அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.
"ஒன்று புள்ளி நான்கு நொடியில்
நான் இரண்டு பையன்களை இழப்பேன்."

அவர் சொன்னது சரி.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எடுத்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.
எடுக்கவில்லை.
வாரம் மூன்று டெசிபெலாக
இறக்கிக்கொண்டே போனேன்,
அவருடைய வரைபடத்தில் பதினோரு வீடும்
ஒரே உயரத்துக்கு வரும்வரை.
எனக்கே கேட்கவில்லை அதன் பிறகு.

மார்ச்சில் ரிசர்வ் படை வந்துபோனது.
ஓஸ்மோ பீரைனென், ரொட்டிக்கடைக்காரன்,
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
பென்சிலால் எழுதியிருந்தான்:
"வெடிச்சத்தம் எல்லாம் நன்றாக இருந்தது.
இரண்டாம் வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா?"

படிவத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை.
ராத்திரி வீடு திரும்பி, விளக்கைப் போடாமல்,
காலணியைக் கழற்றாமல், வாசலிலேயே நின்றேன்.
உள்ளே அது முனகிக்கொண்டிருந்தது.
பிறகு உதறல். பிறகு நின்றது.

எண்ணத் தொடங்கினேன்.