தளை

ஒஸ்லா மொவாட்டின் ஒன்பதாம் கட்டு
செவ்வாய்க்கிழமை வந்தது,
ஷெட்லாந்திலிருந்து கப்பலேறி, ரயிலேறி,
உறையின் ஒரு மூலையில் உப்புக் கறையோடு.
மின்னஞ்சலை நம்பமாட்டாள்.

பிழை திருத்துவது என் தொழில்.
கிரேக்கம் தெரியாது எனக்கு.
கமா தெரியும்.

ஆறு சீரில் இரைந்துகிடந்த பழங்கடலை
ஐந்து சீருக்குள் ஊற்றியிருந்தாள்,
மூச்சு முட்டாமல்.
அவள் அரசர்கள் அவ்வளவாக முழங்குவதில்லை.
பணிப்பெண்கள் என்று மற்றவர்கள் மெழுகிய இடத்தில்
அடிமைகள் என்றே எழுதுகிறாள்.
அதிலெல்லாம் நான் கை வைக்கவில்லை.

இடறியது நூற்றுப் பதினேழாம் பக்கத்தில்.
கப்பல் புறப்படுகிறது. துடுப்புகளை மாட்டுகிறார்கள்.
எதில்?
ஹம்லிபாண்டில்.

அகராதிகள் கையை விரித்தன.
சிவப்பு மையால் அடித்து
வார் என்று எழுதினேன்.
'யாருக்கும் புரியாது' என்று ஓரத்தில் ஒரு வரி.

பென்சிலில் வந்தது பதில்:

'உங்கள் அலமாரியில் இருக்கும் ஆறு மொழிபெயர்ப்புகளையும் எடுத்துப் பாருங்கள்.
ஒருவர் கயிறு என்கிறார். ஒருவர் கொக்கி.
மற்றவர்கள், துடுப்பு தானாகவே நின்றுகொண்டதுபோல
அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.
மூலத்தில் இருப்பது தோல்.
முறுக்கி, முளையில் மாட்டிய தோல் வளையம்.
ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லே இல்லை என்று
நாலு மாதம் நம்பியிருந்தேன்.
பிறகு பர்ராவில், மேக்னி ஹால்க்ரோவின் படகில்,
முழங்கால் போய் அதன்மேல் இடித்தது.
பெயர் என்ன என்று கேட்டேன்.
உன் கைக்கு என்ன பெயர் என்று
கேட்டுவிட்டதுபோலப் பார்த்தார்.
அவரும் இப்போது நைலான்தான் போடுகிறார்.
சொல்தான் இன்னும் தோல்.
யாருக்கும் புரியாது என்கிறீர்கள். சரி.
துடுப்பு வலிக்காதவனுக்கு
அது கிரேக்கத்திலும் புரிந்திருக்காது.'

ஆறு மணிக்கு மேல்
அலுவலகத்தில் யாருமில்லை.
வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.
ஹம்: துடுப்பு பின்னே போக ஒரு நேர்.
லிபாண்ட்: முளையில் முட்டித்
தண்ணீரைக் கவ்வ ஒரு நிரை.
வார் என்றால்
நின்ற இடத்தில் நின்றது படகு,
தளை தட்டியது.

அடித்த சொல்லின் கீழே
புள்ளி புள்ளியாக வைத்தேன்.
இருக்கட்டும் என்று
அச்சகத்துக்குச் சொல்லும் சைகை அது.

கதை முடியவில்லை.
அச்சுப் பிரதி வந்தபோது
கணினி அதை வரிக்கடைசியில் ஒடித்திருந்தது:
ஹம்லி, ஒரு கோடு,
மிச்சம் அடுத்த வரியில்.
கழன்ற துடுப்பு.

வரியை மூன்று தரம் அளந்தேன்.
ஒரு கமா அதிகமாக இருந்தது.
என்னுடையதுதான், போன மாதம் போட்டது.
எடுத்தேன்.
சொல் மேலேறி
முளையில் உட்கார்ந்தது.

மறுநாள் பத்தாம் கட்டு.
முதல் பக்கத்திலேயே
நான் கேள்விப்படாத
ஒரு மீன்.