ஒன்பதாவது வளைவு

இரண்டாம் பாதியில் ஏழாவது நிமிஷம்.
பள்ளத்திலிருந்து ஏறி வந்த மஞ்சு
முதலில் எதிர்க் கோல்கம்பத்தைத் தின்றது,
பிறகு நடுவரை, பிறகு
சவரியப்பனின் கெட்ட வார்த்தைகள் தவிர
மிச்சம் எல்லாவற்றையும்.

கோல்கீப்பர் நான். காதால் ஆடுகிறேன்.
தொப்பென்றால் தூரம்.
சத்தென்றால் பக்கம்.
சத்தமே இல்லையென்றால் சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள்
கொலுசுக்குத் திருகாணி வைக்கிற விரல்களோடு
ஏற்காடு ஏறி வந்திருக்கிறார்கள்.
எங்களுக்கு, ஏணியில் நின்று
மிளகு பறிக்கிற கால்கள்.

யாரோ உதைத்தது
சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி
மலைப்பாதையில் போய் விழுந்தது.
இருப்பது ஒரே பந்து.

பாறையில் உட்கார்ந்தோம்.
அவர்கள் பீடி, எங்கள் ஆரஞ்சு.
"வெள்ளக்காரன் காப்பியோட கொண்டாந்த ஆட்டம்,
நம்மளுது இல்ல" என்றான் பட்டறைப் பையன்.
"காப்பி மட்டும் யாருதாம்?"
சவரியப்பன் கொட்டையைத் துப்பினான்.
"பறிக்கிறவனுது இல்லடா.
இதுக்காச்சும் மொதலாளி கெடையாது."

கீழே ஹாரன்.
விளக்கைப் போட்டபடி சேலம் பஸ் வந்து நின்றது.
ஜன்னல் வழியாகப் பந்து.
"ஒம்போதாவது வளைவுல கெடந்துச்சு.
டிக்கெட் எடுக்கல."
கண்டக்டர் இறங்கவில்லை.
"எத்தனைக்கு எத்தன?"

யாருக்கும் நிச்சயமில்லை.
ரெண்டு ரெண்டு என்றது ஒரு குரல்.
மூணு என்றது இன்னொன்று.

விசில் கேட்டது.
நடுவருடையதா, கண்டக்டருடையதா?
ஓடினோம்.
ஜன்னல் தோறும் தலைகள்
ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க,
பஸ் நகரவில்லை.