இரண்டிலிருந்து மூன்றுக்கு

கச்சான் அடிக்கிற மாதம்.
பத்து மணிக்கே கராஜ் தகரம் முனகத் தொடங்கிவிடும்.
கேதாரன் கியர்ப் பெட்டியை இறக்கி வைத்திருந்தான்.
கொழும்பில் மூன்று கைமாறி வந்த கறுப்பு கோல்ஃப்,
ஏழு கியர், உலர் கிளச் இரண்டு.
ஒன்று ஒற்றைகளைப் பிடிக்கும், மற்றது இரட்டைகளை.
நீங்கள் இரண்டில் போய்க்கொண்டிருக்கும்போதே
மூன்றைக் கோர்த்து வைத்துக்கொண்டு
இருட்டுக்குள் ஒரு தண்டு காத்திருக்கும்.

பழைய தட்டு நீலம் பாரித்திருந்தது.
முகர்ந்து பார்த்தேன். கருகின பாண் மணம்.
"உவர்மலை ஏத்தத்தில பிரேக் மிதிக்காமல்
அக்சிலேற்றரில தாங்கிக்கொண்டு நிக்கிறனீங்கள், என்ன?"
ஸ்டனிஸ் மறுக்கவில்லை.
சீனக்குடா மா ஆலையில் பளுதூக்கி ஓட்டுகிறவர்,
எதையும் அந்தரத்தில் தொங்கவிட்டுப் பழகின கால்.
"எனக்கு உதை வேணும் தங்கச்சி.
மிதிச்சால் முதுகு சீற்றில ஒட்டோணும்."

புதுத் தட்டுகள் சுங்கத்தில் பதினேழு நாள் கிடந்து வந்தன.
செப்பு கலந்தவை, கைக்குப் பாரமானவை.
கேதாரன் ஷிம் அளந்தான்,
ஒருமுறை, மறுமுறை,
மூன்றாம் முறை நான் பார்த்துக்கொண்டிருந்ததற்காக.
ஒரு மயிரிழை பிசகினால் ஆயிரம் கிலோமீற்றரில்
கார் வரும், அதற்கு முன்னே வசை வரும்.

பிறகு என் வேலை. மடியில் லப்டொப்.
பிடி அழுத்தத்தைக் கூட்டினேன்.
ஒன்று விடுவதற்கும் மற்றது பிடிப்பதற்கும் நடுவே
இரண்டுமே பிடித்திருக்கிற ஒரு கணம் உண்டு,
கண் இமைப்பதில் கால்வாசி.
அதை வெட்டினேன்.
வெட்ட வெட்ட உதை வரும்.
கூட வெட்டினால்
பிடிப்பார் இல்லாமல் எஞ்சின் கத்தும்.

இரவு பதினொன்று, நிலாவெளி வீதி.
உப்புவெளி தாண்டியதும் மிதித்தார்.
மூன்று.
நான்கு.
ஒவ்வொன்றும் முதுகில் ஓர் அறை.
பரீட்சை முடிந்த பெடியன் மாதிரிச் சிரித்தார்.
திரும்பி வரும்போது, கோட்டை அடியில்,
புள்ளிமான் ஒன்று வீதிக்கு நடுவில் நின்று
எதையோ மென்றுகொண்டிருந்தது.
மூன்றைக் கோர்த்து வைத்திருந்த பெட்டி
அசடு வழிந்து ஒன்றுக்கு இறங்கியது.
மானுக்கு எங்களுடைய கணக்கு தெரியாது.

ஐந்து மாதம் கழித்து, மாரிக்குள் கார் திரும்பி வந்தது.
கேதாரன் முகம் வெளிறிப் போய் ஷிம் எழுதிய கொப்பியைத் தேடினான்.
பிழைக்குறி ஒன்றுமில்லை. வெப்பம் சரி. தட்டு சரி.
பின் சீற்றில் ஸ்டனிஸின் மனைவி டெல்சியா,
வயிற்றில் கையை வைத்தபடி:
"உள்ளுக்கு ஒராள் உதைக்கிறார் அக்கா.
வெளியில இன்னொராள் வேண்டாம்."
ஸ்டனிஸ் பிடரியைச் சொறிந்தார்.
"காசு குடுத்து வாங்கினதைக்
காசு குடுத்துத் திருப்பித் தாறன்" என்றார்.

எல்லாவற்றையும் பழையபடி போடவில்லை நான்.
என் வேலையை நானே அழிப்பதென்றால் எனக்கு வயிறு எரியும்.
நாலிலிருந்து மேலே அவருடைய உதை இருக்கட்டும் என்று விட்டேன்.
கீழே மட்டும்
வெட்டின கணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஒட்டினேன்,
ஒன்றுக்கும் இரண்டுக்கும்,
இரண்டுக்கும் மூன்றுக்கும்.
சோதிக்கக் கன்னியாவுக்குப் போனோம், மழைக்குள்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
எந்தக் கிணறு எந்தக் கியர் என்று டெல்சியா கேட்டாள்.
இந்தக் கேள்வியை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை.
விரலை விட்டு விட்டுப் பார்த்தோம்,
ஒத்துவரவில்லை.

திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.
வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.
"இப்ப மாறினதே அக்கா?"
திரையைப் பார்த்தேன். நாலு.
"இன்னும் இல்லை" என்றேன்.

ஐந்து கோர்த்தபடி காத்திருந்தது.
ஸ்டனிஸ் காலைத் தளர்த்தினார்.